கடைசிப் பால் காபி

காபி விஷயத்தில் எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைக்கும் உத்தேசம் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் தி. நகரில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயர்கள் எல்லாம் எனக்குத் தெரியும். ஒன்றுகூட என்னை உறுத்தியதில்லை. ஆனால் என் கணவரின் ஒன்றுவிட்ட அண்ணன் என் காபியைக் குடித்துவிட்டு "பரவாயில்லை" என்று சொன்னதை ஆறு வருஷமாக நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவருக்கு எங்கள் வீட்டில் மோர்தான்.

அப்படி யாரும் இரண்டாம் முறை சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் எங்கள் சந்தில் இருக்கும் மாட்டுக்கொட்டகை. மயிலாப்பூர் தெப்பக்குளத்திலிருந்து நடக்கிற தூரம்தான். ஆட்டோக்காரர்கள் உள்ளே நுழைய யோசிக்கும் சந்து. ஏழு அடுக்குமாடிக் கட்டடங்கள். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம், யாருக்கும் யாருக்குமோ வழக்கு நடப்பதால் கட்டடம் எழும்பாமல் தப்பித்திருக்கிறது. அதில் ஒரு தகரக் கொட்டகை, இரண்டு பசு, ஒரு கன்று, ஒரு பால்காரம்மா. அவளுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. கணவர் இல்லை. ஒரே மகள் கல்யாணமாகி அம்பத்தூர்ப் பக்கம் போய்விட்டாள்.

கறக்கத் தொடங்கும்போது வரும் பால் நீர்த்திருக்கும். கறந்து முடிக்கும் நேரத்தில் வருவதுதான் கொழுப்பு மிகுந்த பால். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் எங்கள் சந்தில் இதைக் காபிக்குப் பயன்படுத்திக்கொள்ளும் மூளை எனக்கு மட்டும்தான் இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்பு பால்காரம்மாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். மற்ற வீட்டுப் பாலை முதலில் கற. என் சொம்பைக் கடைசியில் வை. கடைசிப் பால் எனக்கு.

மற்றவர்கள் மாடியிலிருந்து கயிற்றில் பை இறக்குவார்கள், அல்லது வாட்ச்மேனை அனுப்புவார்கள். நான் மட்டும் காலை ஐந்தரைக்கும் மாலை நாலரைக்கும் சொம்போடு நேரில் போய் நிற்பேன். கறக்கிறவரை பேச்சு ஓடும். அவள் தன் மருமகனைப் பற்றிச் சொல்வாள். நான் என் கணவர் காபியை விட்டுத் தேநீர்க் கட்சிக்குப் போய்விட்ட துரோகத்தைச் சொல்வேன். பால் சன்னமாகி, சர் சர் என்ற சத்தம் அடங்கி, சொட்டுச் சொட்டாக வரும் நேரத்தில் அவள் கையை எடுக்கப் பார்ப்பாள். அப்போது நான் சொல்வேன்: "நிறுத்தாதே, இன்னும் வரும், இழு."

"இன்னா டீச்சரம்மா, மாட்டப் புழிஞ்சி கொடியில காயப் போட்டுருவ போல கீதே" என்று சிரித்துக்கொண்டே கட்டைவிரலை மடக்கி, காம்பை அந்த விரல் முட்டிக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே வைத்து இழுப்பாள். வரும். இரண்டு சொட்டாவது வரும். அந்த இரண்டு சொட்டில்தான் என் காபியின் மானம் இருக்கிறது என்று நான் நம்பியிருந்தேன்.

போன வருஷம் மழை ஓய்ந்து லேசாகக் குளிர் விழுந்த ஒரு வாரத்தில், எங்கள் பழைய தலைமை ஆசிரியை ஒரு நாள் காலை பத்து மணிக்கு அசோக் நகரிலிருந்து என்னைப் பார்க்க வந்தார். வேலையில் இருந்த காலத்தில் எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆகவே அந்தக் காபியை நான் எப்படிப் போட நினைத்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. டிகாக்ஷன் கறுகறுவென்று இறங்கியிருந்தது. டபராவைத் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கலாம் போல வைத்திருந்தேன். காலையில் அவருக்கென்று எடுத்துவைத்த பாலை அடுப்பில் ஏற்றினேன். பொங்க வேண்டிய நேரத்தில் பால் திரிந்து, தண்ணீர் தனியாகவும் திப்பி தனியாகவும் நின்றது.

தலைமை ஆசிரியை அடுக்களை வாசலுக்கே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அடடா, பாக்கெட் பால் வாங்கி வைச்சுக்கறது நல்லதும்மா" என்றார். என் கணவர் அவருக்குக் கடுந்தேநீர் போட்டுக் கொடுத்தார். இரண்டு பேரும் தேநீரின் நன்மைகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவரை வழியனுப்பிவிட்டு, செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் கொட்டகைக்குப் போனேன். போகிற வழியில் நாலு வாக்கியம் தயார் செய்திருந்தேன்.

பால்காரம்மா மாட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள். மடியின் பின்பக்கம், இடதுபுறக் காம்பு வீங்கிச் சிவந்திருந்தது. மடியின் அந்தப் பக்கம் முழுக்கக் கெட்டிப்பட்டிருந்தது. தயார் செய்த நாலில் மூன்றை விழுங்கினேன். நாலாவதைச் சொல்லிவிட்டேன், அது என் சுபாவம்.

"என்ன பால் இது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "கார்த்தால கறக்கசொல்லோ நல்லாத்தான் இருந்துச்சு டீச்சரம்மா. இப்ப பாரு, கல்லு மாதிரி கீது. கைய வச்சா உதைக்குது. மடிநோவு."

மற்ற பசு சினையாக இருந்தது. கன்று போட இன்னும் மூன்று மாதம். கறவையில் இருந்தது இது ஒன்றுதான். காம்பு அடைத்துக்கொண்டால் திரும்பத் திறக்காது, மூன்று காம்பு மாட்டை வைத்துக்கொண்டு சந்துக்குப் பால் ஊற்ற முடியாது என்றாள். வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாட்டுப் புரோக்கர் வண்டி கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாராம். அவளேதான் அவருக்கு போன் செய்திருந்தாள்.

"அதுக்குள்ள ஏன் போன் பண்ணினே?" என்று கேட்டேன்.

"முழுசா கெட்டுப்போயி நிக்கசொல்லோ கூப்ட்டா அவன் இத்த எங்க ஏத்துவான்னு உனுக்குத் தெரியாதா? இப்பவே குட்த்தா யாராச்சும் ஊட்டுல கட்டிக் காப்பாத்துவாங்க." மாட்டின் முதுகைத் தடவினாள். "இது இங்கியே பொறந்தது டீச்சரம்மா. இதும் அம்மாவையும் நான்தான் கறந்தேன். இது பூட்ச்சின்னா அப்பால எனக்கு இங்க இன்னா வேல? பொண்ணு ஊட்டுல போயி குந்திக்கினு டிவி பாக்கணும்."

விரலை மடக்கி எண்ணினேன். பதினோரு நாள் இருந்தது. அதற்குள் காம்பு திறந்து நல்ல பால் வர வேண்டும். இல்லாவிட்டால் மாடு போய்விடும், அவளும் போய்விடுவாள்.

கால்நடை டாக்டர் மறுநாள் மாலைதான் வர முடியும் என்றார். அந்த ஒரு நாளில் எங்கள் சந்து மொத்தமும் டாக்டராகிவிட்டது. இஸ்திரி போடுகிறவர் கண் திருஷ்டி என்றார். எங்கள் வாட்ச்மேன், அமாவாசையன்று கட்டுக்கட்டாக அகத்திக்கீரை கொடுத்தார்களே, அந்தச் சூடு மடியில் இறங்கிவிட்டது என்றார். ரவிக்கை தைக்கும் பாய், பாவம், தனக்கு மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று உண்மையைச் சொன்னார். சந்திலேயே அப்படிச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

நான் சும்மா இருப்பேனா? ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கொட்டகையை ஆராயக் கிளம்பினேன். எனக்குக் குற்றவாளி வேண்டும். முதலில் கிடைத்தது ஐந்தாவது கட்டடத்தின் ஏசி தண்ணீர். மூன்று மாடிக் குழாய்களும் கொட்டகை ஓரத்தில் வந்து விழுந்து, மாடு படுக்கும் இடம் வருஷம் முழுக்கச் சதசதவென்று இருந்தது. ஈரத்தில் மடியை வைத்துப் படுத்தால் கிருமி வராமல் என்ன வரும்? அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் நான் உறுப்பினர் இல்லை. ஆகவே நேரில் போய்ச் சொன்னேன். செயலாளர் சட்டத்தைப் பேசினார். நான் என் வகுப்பறைக் குரலை எடுத்தேன். மாலைக்குள் பிளம்பர் வந்து குழாயைத் திருப்பிவிட்டார்.

அடுத்த குற்றவாளி எதிர்வீட்டு மாமி. வெள்ளிக்கிழமை தோறும் பசுவின் பின்புறத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கும்பிடுகிறவர். பின்புறத்தோடு நிற்பதில்லை, மடியிலும் ஒரு பொட்டு, காம்புக்கும் ஒரு தீற்றல்.

"மாமி, குங்குமத்தில் என்ன கலக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? அது காம்பில் பட்டால் தோல் வெடிக்காதா?" என்றேன்.

"மகாலக்ஷ்மி வாசம் பண்ற எடம்னா அது! நாப்பது வருஷமா பண்ணிண்டு வரேன். மாட்டுக்கு ஒண்ணும் ஆகலை, ஒங்க காபிக்குத்தான் என்னமோ ஆயிடுத்து" என்றார். என் காபியை இழுத்ததால் நான் இரண்டு சுற்று அதிகமாகச் சண்டை போட்டேன்.

கன்றைக்கூட நான் விடவில்லை. அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தேன். முட்டி முட்டிக் குடிக்கும்போது காம்பைக் கடித்திருக்கலாம் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். ஈக்களையும் எழுதினேன். இரவு படுக்கப் போகும்போது எனக்கு வெகு திருப்தி. என் கணவரிடம் பட்டியலை வாசித்துக் காட்டினேன். "யாரையும் விட்டுவிடலையே?" என்று கேட்டார். "ஒருத்தரையும் விடலை" என்றேன்.

மறுநாள் மாலை, கறக்கும் நேரத்துக்கு டாக்டர் திருவான்மியூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். சின்னப் பெண். ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார், கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். நான் நோட்டை நீட்டினேன். பொறுமையாகப் படித்தார். "ஈரத் தரை, கண்ட கையும் படறது, கன்றுக்குட்டியோட பல்லு, ஈ. எல்லாமே சரி மேடம். நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். முப்பத்திரண்டு வருஷம் மதிப்பெண் போட்ட எனக்கு அன்று யாரோ மதிப்பெண் போட்டதில் உள்ளூர மகிழ்ச்சிதான்.

கறுப்பு பிளாஸ்டிக் தட்டு ஒன்றைக் காம்புக்குக் கீழே பிடித்து இரண்டு பீச்சு பீச்சினார். கறுப்பில் வெள்ளைத் திப்பிகள் நன்றாகத் தெரிந்தன. பிறகு கைபேசி விளக்கைப் போட்டு, நோய் வந்த காம்பை மட்டுமில்லை, நாலு காம்புகளின் நுனியையும் குனிந்து குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கிற மூணு காம்போட நுனியும் இப்படிச் சொரசொரன்னு இருக்கே. ஆணிக்கால் மாதிரி தடிச்சு, பிசிறு பிசிறா வந்திருக்கு. இது ஈயால வராது, குங்குமத்தாலயும் வராது." பால்காரம்மாவைப் பார்த்தார். "எப்பவும் எப்படிக் கறப்பீங்களோ அப்படியே கறந்து காட்டுங்கம்மா. நல்ல காம்பில் மட்டும்."

பால்காரம்மா உட்கார்ந்து கறந்தாள். நானும் என் வழக்கமான இடத்தில் நின்றேன். சர் சர் என்று வந்தது. பிறகு சன்னமானது. பிறகு சொட்டியது. அவள் கையை எடுத்தாள். என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

"நிறுத்தாதே, இன்னும் வரும், இழு."

டாக்டர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "மேடம் யாரு?"

"கஸ்டமர்" என்றேன்.

"டீச்சரம்மாவுக்குத்தான் டாக்டரே கடசிப் பாலு" என்றாள் பால்காரம்மா, என்னைப் பெருமையாக அறிமுகப்படுத்தும் குரலில். "இவங்க ஊட்டு காப்பின்னா சந்துக்கே தெரியும். அஞ்சு வருசமா ரெண்டு வேளையும் ஒட்டக் கறந்து சொம்புல ஊத்துவேன். ஒரு நாளும் விட்டதில்ல."

டாக்டர் என் கையைக் கேட்டார். கொடுத்தேன். என் சுண்டுவிரலைப் பிடித்து, தன் கட்டைவிரலை மடக்கி, பால்காரம்மா செய்தது போலவே அந்த முட்டியால் அழுத்தி ஒரு இழு இழுத்தார். நான் போட்ட சத்தத்தில் கன்று இரண்டடி பின்வாங்கியது.

"இது ஒரு தடவை" என்றார் டாக்டர். "பால் இருக்கும்போதாவது பரவாயில்லை. காலியான பிறகும் இழுத்தா வெறும் சதையைத்தான் இழுக்கறோம்."

பிறகு எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் நிற்கவைத்துச் சொன்னார். காம்பின் நுனியில் ஒரு சின்ன வாய் இருக்கிறது. கறக்கும்போது திறக்கும், கறந்து முடிந்தபிறகு மூடிக்கொள்ள அரைமணி நேரம் ஆகும். அந்த வாயைத் தினமும் இப்படித் திருகித் திருகி இழுத்ததால் நுனி தடித்துப்போய் ஒழுங்காக மூடவில்லை. கறந்த கையோடு மாடு ஈரத்தில் படுக்கிறது, திறந்த வாய் வழியாகக் கிருமி ஏறுகிறது. "மேடம் எழுதின எல்லாமே காரணம்தான். ஆனா கிருமிக்கு வழி விட்டது இந்த இழுப்பு."

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகள் தப்பான திரவத்தை ஊற்றிவிட்டு என் முன்னால் விழித்திருக்கிறார்கள். அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உள்ளே இருந்து தெரிந்தது.

காம்புக்குள் ஏற்றும் மருந்து, ஊசி, எல்லாம் எழுதிக்கொடுத்தார். கட்டைவிரலை மடக்காமல் முழுக் கையால் பிடித்துக் கறக்க வேண்டும். ஓட்டம் நின்றால் கையை எடுத்துவிட வேண்டும். நோவுள்ள பக்கத்தை மட்டும் பூப்போலப் பிடித்து அடிக்கடி கறந்து கொட்ட வேண்டும். கறந்ததும் நாலு காம்பையும் மருந்துக் கிண்ணத்தில் முக்க வேண்டும். அப்புறம் அரைமணி நேரம் மாடு படுக்கக் கூடாது. தீனி காட்டியாவது நிற்க வைக்க வேண்டும். மருந்து முடிந்து சில நாள் ஆகும்வரை எந்தக் காம்பின் பாலையும் யாரும் குடிக்கக் கூடாது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, "காபிக்கு என்ன பண்ணுவீங்க மேடம்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டாரா அக்கறையாகக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இன்னொரு கோப்பையில் தேநீர் ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். பாக்கெட் பால் தேநீர். குடித்தேன். பரவாயில்லை.

அந்த அரைமணி நேரத்தை நான் ஏற்றுக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, நானேதான். காலை ஆறிலிருந்து ஆறரை, மாலை ஐந்திலிருந்து ஐந்தரை, மாட்டைப் படுக்காமல் நிற்க வைப்பது என் வேலை. கேட்க எளிதாக இருக்கிறது. நானூறு கிலோ எடையுள்ள ஒரு ஜீவன் உட்கார முடிவு செய்துவிட்டால் ஓய்வு பெற்ற ஆசிரியையால் என்ன செய்ய முடியும்? தீவனத்தை மொத்தமாகப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் காலி செய்துவிட்டு முன்னங்காலை மடக்கும். ஆகவே பசும்புல்லை ஒவ்வொரு பிடியாக நீட்டினேன். நடுவில் பேச்சுக் கொடுத்தேன். பேச்சு தீர்ந்ததும் தனிம வரிசையை ஹைட்ரஜனிலிருந்து ஒப்பித்தேன். கால்சியம் வரை காதை ஆட்டிக்கொண்டு கேட்டது. என் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவைவிட எவ்வளவோ மேல்.

எதிர்வீட்டு மாமி வெள்ளிக்கிழமை வந்து, கொட்டகை வாசலிலேயே நின்று, "தூரக்க நின்னு சேவிச்சுண்டு போறேன், போருமா?" என்றார். விஷயம் அவருக்கு எட்டியிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு புல்லை நீட்டினேன். மாமி போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டு எனக்குப் பிடிக்கவேயில்லை.

கறுப்புத் தட்டைப் பிடிப்பதும் என் பொறுப்புதான். ஒவ்வொரு வேளையும் முதல் இரண்டு பீச்சு தட்டில். மூன்றாம் நாள் திப்பி திப்பியாக. ஐந்தாம் நாள் வீக்கம் குறைந்தது, ஆனால் மஞ்சள் நீராக வந்தது. டாக்டர் மறுபடி வந்து பார்த்து, இன்னும் இரண்டு நாள் மருந்து ஏற்றச் சொன்னார். ஏழாம் நாள் இரண்டு மூன்று துணுக்குகள். எட்டாம் நாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், ஒரே ஒரு நூல். அந்த நூலைப் பார்த்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பரீட்சை முடிவுக்குக்கூட நான் அப்படிப் பயந்தவள் இல்லை.

இத்தனை நாளிலும் பால்காரம்மா என்னைக் குறை சொல்லவேயில்லை. கிண்டல்கூடச் செய்யவில்லை. ஐந்து வருஷமாக என்னை ஓட்டிக்கொண்டே இருந்தவள், இப்போது "பச்சத் தண்ணி அங்க கீது", "தட்டக் கொஞ்சம் சாச்சுப் புடி" என்று காரியத்துக்கு மட்டும் பேசினாள். முழுக் கையால் கறக்கப் பழகிக்கொண்டிருந்தாள். பழக்கதோஷத்தில் கட்டைவிரல் மடங்கும், உடனே தன் கையைத் தானே அறைவாள். அதைப் பார்க்க எனக்கு வலித்தது. அவள் வாய்விட்டு என்னைத் திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புரோக்கர் வந்துவிட்டார். வண்டி சந்துக்குள் திரும்பாததால் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். கையில் கயிறு. கயிற்றைப் பார்த்ததும் நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் மாட்டுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"நவுருமா, பாக்கணும்ல" என்றார்.

"கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள்" என்றேன். சோப்பை எடுத்துக் கொடுத்தேன். ஏற இறங்கப் பார்த்தார். கழுவினார்.

மடியை அமுக்கிப் பார்த்தார். மாடு உதைக்கவில்லை. இடது பின்காம்பைப் பிடித்தார். நான் கறுப்புத் தட்டைக் கீழே நீட்டினேன். ஒரு பீச்சு, இரண்டு, மூன்று. கறுப்பின் மேல் வெள்ளை வழவழவென்று ஓடியது. நூல் இல்லை, துணுக்கு இல்லை.

"இந்தக் காம்புல மத்ததுக்கு கம்மியாத்தான் வருது" என்றார். "ஆனா அடைக்கல. நல்லா தொறந்து கீது. சோக்கான மாடு. நான் நெனச்சாப்ல இல்ல. இன்னா, ஏத்தலாமா?"

பால்காரம்மா பதில் சொல்ல ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "ஏத்துறதுக்கு ஒண்ணியும் இல்ல நைனா. மொனையில டீ சாப்ட்டுக் கெளம்பு."

அவர் முணுமுணுத்துக்கொண்டே கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். பால்காரம்மா உட்கார்ந்து நாலு காம்பையும் முழுக் கையால் கறந்தாள். சத்தம் அடங்கியதும் கையை எடுத்தாள். பால் குடிக்க இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் சாக்கடையில் கொட்டிவிட்டு, கிண்ணத்தில் மருந்தை எடுத்து ஒவ்வொரு காம்பாக முக்கினாள். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"எல்லாம் என்னாலதானே ஆச்சு? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே நீ. பதினோரு நாளா வாயைத் திறக்காம என்னை ஏன் இப்படிக் கொல்றே?"

அவள் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். நிமிரவில்லை.

"உன்ன இன்னாத்துக்குத் திட்றது டீச்சரம்மா? நீ இழுன்றதுக்கு முன்னாடியே பாலு நின்னுடும். எனக்குத் தெரியாதா, எத்தினி வருசமா கறக்கிறேன். நின்னு போச்சின்னா சொம்பத் தூக்கிக்கினு நீ பூடுவ. அப்பால சாயங்காலம் நீ வர்ற வரிக்கும் எங்கிட்ட யாரு பேசறா? மத்தவங்கல்லாம் மேலேந்து பைய எறக்குறாங்க. அதான் சும்மா இஸ்துக்கினே இருப்பேன்." மாட்டின் மடியைப் பார்த்தாள். "அதுக்கு நோவும்னு தெரியாமப் பூட்ச்சி. உன்னத் திட்டணும்னா மொதல்ல என்ன நான் திட்டிக்கணும்."

சொம்பு விளிம்புவரை நிறைந்த பிறகும் "இன்னும் வரும்" என்று நான் சொன்ன நாட்கள் எத்தனையோ உண்டு. நிறைந்த சொம்பில் இரண்டு சொட்டு எங்கே போய் நிற்கும்? அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. வீட்டுக்குப் போனால் பேப்பருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருப்பார், மாலைவரை மணி ஓடாது. அதைக் காபியின் மேல் போட்டுவிட்டு, ஐந்து வருஷம் அந்த மாட்டைக் கேட்காமலே நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

நான் இதை அவளிடம் சொன்னேன். சுற்றி வளைக்காமல், எனக்கும் அப்படித்தான் என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மாடு முன்னங்காலை மடக்கப் பார்த்தது. அரைமணியில் இன்னும் இருபது நிமிஷம் பாக்கி இருந்தது. ஆளுக்கு ஒரு பிடி புல்லை எடுத்துக்கொண்டு அதன் முகத்துக்கு இரண்டு பக்கமும் நின்றோம். "உன் மருமகன் என்ன சொல்றான்?" என்று கேட்டேன். அவள் சொல்ல ஆரம்பித்தாள்.